கலை வரலாற்றில் ஹானர்ஸ்: மூன்றாம் ஆண்டிலேயே முடிவாகிவிடும் விஷயங்கள்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலை வரலாற்றை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்துப் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. மேஜரில் இதுவரை 5 பாடங்கள், ஜி.பி.ஏ. (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.4. துறை ஹானர்ஸுக்கு முயலலாமா? சோழர் வெண்கலச் சிலைகளைப் பற்றி ஆய்வேடு எழுத ஆசை. மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் ஐரோப்பாவில் படிக்கவும் திட்டம். இரண்டும் ஒத்துவருமா?

பதில்: முயலலாம். ஆனால் ஐரோப்பியப் பயணத்தை எந்த செமஸ்டரில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வாய்ப்பு கூடும் அல்லது குறையும். அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

நம் ஊரில் பி.ஏ. ஹானர்ஸ் என்றால் அது ஒரு பட்டத்தின் பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயரில் மூன்று தனித்தனி விஷயங்கள் உண்டு. முதலாவது, பல்கலைக்கழக அளவிலான ஹானர்ஸ் காலேஜ். இதில் பெரும்பாலும் முதலாம் ஆண்டிலேயே சேர்ந்துவிடுவார்கள். இரண்டாவது, பட்டத்தோடு வரும் ‘கும் லாவ்டே’, ‘மாக்னா’, ‘சும்மா’ என்ற லத்தீன் சிறப்புகள். பல இடங்களில் இவை மொத்த ஜி.பி.ஏ.யைக் கொண்டு தானாகவே கணக்கிடப்படும். மூன்றாவதுதான் நீங்கள் கேட்பது: துறை தரும் ஹானர்ஸ். இதற்குத் தனியாக விண்ணப்பித்து, நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதி, இரண்டு ஆசிரியர்களாவது படித்து ஏற்க வேண்டும். பிரின்ஸ்டனிலும் ரீட் கல்லூரியிலும் இறுதி ஆண்டு ஆய்வேடு ஏறக்குறைய எல்லாருக்குமே கட்டாயம். ஸ்வார்த்மோரில் வெளிக் கல்லூரி ஆசிரியர்கள் வந்து ஹானர்ஸ் மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்துவார்கள். ஆகவே வேறு கல்லூரித் தோழி யாராவது சொல்லும் விதியை நம்பாமல், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய உங்கள் துறையின் கையேட்டைப் பாருங்கள். விதிகள் இடையில் மாறினால், பொதுவாக நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதியே உங்களுக்குப் பொருந்தும்.

பல துறைகள் மேஜர் பாடங்களில் 3.5 கேட்கின்றன, மொத்தத்தில் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விண்ணப்பம் மூன்றாம் ஆண்டு வசந்த செமஸ்டரின் நடுவில், அதாவது மார்ச் அல்லது ஏப்ரலில் போகும். அப்போது அந்த செமஸ்டரின் மதிப்பெண் வந்திருக்காது. இலையுதிர் செமஸ்டர் மட்டுமே கைகொடுக்கும். அதில் மேஜர் பாடங்கள் மூன்று எடுத்து மூன்றிலும் ஏ-மைனஸ் (3.7) வாங்கினால், இதுவரை உள்ள 5 பாடங்களின் 17 புள்ளிகளோடு 11.1 சேர்ந்து 8 பாடங்களுக்கு 28.1, சராசரி 3.51. வாசலைத் தாண்டிவிட்டீர்கள். ஒன்றில் பி-பிளஸ் (3.3) விழுந்தால் 3.46. அந்த நிலையில் துறைத் தலைவரிடம் விதிவிலக்கு கேட்டு எழுத வேண்டியிருக்கும். நல்ல செமினார் கட்டுரை ஒன்று கையில் இருந்தால் தருபவர்களும் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இப்போது ஐரோப்பா. வெளிநாட்டுப் பாடங்களின் க்ரெடிட் உங்கள் டிரான்ஸ்கிரிப்டுக்கு வந்து சேரும், ஆனால் பல இடங்களில் மதிப்பெண் ஜி.பி.ஏ.வில் சேராது. இலையுதிர் செமஸ்டரில் போனால், மார்ச்சில் விண்ணப்பிக்கும்போதும் உங்கள் எண் 3.4 ஆகவே நிற்கும். அதனால் இலையுதிரில் போகாதீர்கள். வசந்தத்தில் போகலாம், ஆனால் ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியரைப் பிடிப்பதும் ஆய்வேட்டின் முன்மொழிவு எழுதுவதும் தொலைவிலிருந்து நடக்கும்; டிசம்பரிலேயே வழிகாட்டியின் ஒப்புதலை வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் பல்கலைக்கழகமே நடத்தும் வெளிநாட்டுத் திட்டமானால் மதிப்பெண் சேரக்கூடும். அதைப் பதிவாளர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். இன்னொன்று: ‘பாஸ்-ஃபெயில்’ முறையில் எடுத்த பாடத்தைத் துறைகள் பெரும்பாலும் மேஜர் கணக்கில் ஏற்பதில்லை.

எண்ணைவிடப் பலரையும் கவிழ்ப்பது மெத்தட்ஸ் செமினார். கலை வரலாற்றை எழுதும் முறைகளைக் கற்பிக்கும் இந்தப் பாடத்தை ஆய்வேட்டுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்று பல துறைகள் கேட்கும். சிறிய துறைகளில் அது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வசந்தத்தில் மட்டும் நடக்கிறது, அந்த வசந்தத்தில் நீங்கள் பாரிஸில் இருக்கிறீர்கள் என்றால் கதவு மூடிவிடும். பயணத்தை உறுதி செய்யும் முன் இதைப் பாருங்கள்.

வழிகாட்டியைத் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது, “அடுத்த ஆண்டு விடுப்பில் போகிறீர்களா?” என்பதுதான். பேராசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு விடுப்பில் போவார்கள். அது உங்கள் நான்காம் ஆண்டாக அமைந்துவிட்டால் பாதி வழியில் ஆள் மாற வேண்டிவரும். பிப்ரவரியில் (வசந்தத்தில் ஐரோப்பா போவதானால் டிசம்பருக்கு முன்பே) அவருக்கு எழுதுங்கள்: நீங்கள் பார்க்க விரும்பும் படைப்பு எது, அதைப் பற்றிய கேள்வி என்ன, அவரிடம் படித்த பாடம் எது என்று ஒரு பத்தி போதும். எழுதிய செமினார் கட்டுரைகளில் சிறந்ததை இணையுங்கள். துறையில் தெற்காசியக் கலைக்கு ஆள் இல்லை என்றால், இடைக்காலக் கலையோ பௌத்தக் கலையோ கற்பிப்பவரை வழிகாட்டியாக வைத்து, தெற்காசிய ஆய்வுத் துறையிலிருந்து இரண்டாம் வாசகரைக் கேட்கலாம். இது நடைமுறையில் நன்றாகவே வேலை செய்கிறது.

இனி தலைப்பு. உண்மையில் ஹானர்ஸின் தரம் இங்கேதான் நிற்கிறது. “சோழர் வெண்கலச் சிலைகள்” என்பது ஆய்வேட்டுத் தலைப்பே இல்லை. வாழ்நாள் முழுதும் எழுதலாம். இளங்கலை ஆய்வேடு பொதுவாக 40 முதல் 60 பக்கம், இரட்டை இடைவெளியில் 10,000 முதல் 15,000 சொற்கள். அதில் ஒரு சிலை அல்லது இரண்டு சிலைகள், ஒரே ஒரு கேள்வி அடங்கும். நேரில் போய் முன்னால் நிற்கக்கூடிய சிலையாகவும் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒன்று. வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடம் 1929 இல் வாங்கிய 10 ஆம் நூற்றாண்டு வெண்கலப் பெண் உருவம் இருக்கிறது. சரிந்த தோள்கள், நீண்ட மெல்லிய உடல், சிலை வழக்கத்தை மீறிய அளவுகள். அது சோழ அரசி செம்பியன் மாதேவி பார்வதியின் கோலத்தில் இருக்கும் உருவம் என்று அடையாளம் சொல்கிறார்கள். அரசியின் உருவமா, தேவியின் உருவம் மட்டுமா என்பது விவாதத்துக்குரியது. இங்கே ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது: எந்தச் சான்றைக் கொண்டு இதை அரசி என்கிறோம்? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அதே நூற்றாண்டின் பார்வதி ஒன்று உண்டு. பக்கத்தில் வைத்து ஒப்பிட அது உதவும். கோனேரிராஜபுரம் கோயிலில் செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் பெயரால் எழுப்பிய கற்றளியும் (கல்லால் கட்டிய கோயில்), கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் புடைப்புருவமும், அதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. அரச குடும்பத்தவரை உருவமாகக் காட்டும்போது சோழர்கள் எப்படிக் காட்டினார்கள் என்பதற்கு இது கல்லில் உள்ள சாட்சி. மூன்று படைப்புகள், ஒரு கேள்வி. 50 பக்கம் தாராளமாக நிறையும்.

சிலை எங்கிருந்து எப்படி வந்தது என்ற கைமாற்று வரலாற்றைத் தொடாமல் இந்தத் துறையில் இன்று எழுத முடியாது. கோயிலிலிருந்து திருட்டுப்போன சிவபுரம் நடராஜர் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் இருந்து 1986 இல் இந்தியா திரும்பினார். அப்படியே திருட்டுப்போன ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2014 இல் திருப்பித் தந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படத் தொகுப்பு இப்படிப்பட்ட அடையாளம் காணலில் பெரும்பங்கு வகிக்கிறது. நீங்கள் எழுதும் சிலைக்கு மியூசியம் வைத்திருக்கும் கோப்பில் 1970 க்கு முன் என்ன இருக்கிறது என்று பாருங்கள்; கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த அந்த ஆண்டின் யுனெஸ்கோ ஒப்பந்தத்தை மியூசியங்கள் எல்லையாகக் கொள்கின்றன.

அந்தக் கோப்பைப் பார்க்க, மியூசியத்தின் ஆசியக் கலைப் பிரிவுக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே எழுதுங்கள். மியூசியம் அந்தச் சிலைக்குக் கொடுத்த சேர்க்கை எண்ணைக் குறிப்பிட்டு, நீங்கள் ஹானர்ஸ் மாணவி என்றும் வழிகாட்டி யார் என்றும் சொல்லுங்கள். கோப்பு அறையில் பெரும்பாலும் பென்சில்தான் அனுமதி. எல்லாப் பக்கங்களையும் காட்டமாட்டார்கள். கடிதங்கள், விலை விவரம் மறைக்கப்பட்டிருக்கலாம். காட்சிக்கூடத்தில் சிலையின் பின்புறம் தெரியவில்லை என்றால் பின்புறப் படத்தைக் கேளுங்கள். கூந்தல் முடிச்சும் பீடத்தின் துளைகளும் காலத்தையும் பயன்பாட்டையும் சொல்பவை, பல மாணவர்கள் முன்புறப் படத்தை மட்டும் வைத்து எழுதி அங்கேயே கோட்டைவிடுகிறார்கள். பயணச் செலவுக்குக் கல்லூரி தரும் கோடைகால ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடும்.

தமிழ் படிக்கத் தெரிவது உங்கள் பெரிய பலம். ஆனால் பெயர்ச்சொற்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே முறையைக் கடைசிவரை பிடியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை ஆய்வுலகில் பழகியது. கல்வெட்டு வரியை மேற்கோள் காட்டினால் மூலத்தையும் உங்கள் மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தாருங்கள். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது.

முன்மொழிவு மூன்று முதல் ஐந்து பக்கம்: கேள்வி, இதுவரை யார் என்ன சொன்னார்கள், நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள், 15 முதல் 20 நூல்கள். செப்டம்பரில் தொடங்கி டிசம்பருக்குள் ஒரு அத்தியாயம், 15 பக்கமாவது முழுதாக நிற்க வேண்டும். பல துறைகள் அதைப் பார்த்துத்தான் தொடரலாமா என்று முடிவெடுக்கும். ஆய்வேட்டை அங்கேயே நிறுத்த வேண்டிவந்தாலும் அந்த செமஸ்டர் வீணாகாது, தனிப் பாடமாக மாற்றிக்கொள்ளப் பல இடங்களில் வழி உண்டு. பிப்ரவரி இறுதியில் முழு வரைவு, ஏப்ரலில் சமர்ப்பிப்பு. அடிக்கடி தோற்பவை, சிலையை 30 பக்கம் வர்ணித்துவிட்டுக் கடைசி 5 பக்கத்தில் வாதத்தைத் தொடங்கும் ஆய்வேடுகள். முதல் அத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்துக்குள் உங்கள் வாதம் ஒரு வாக்கியமாக வந்துவிட வேண்டும்.

படங்களுக்கு மெட்ரோபாலிட்டன் 2017 முதலும் ஸ்மித்சோனியன் 2020 முதலும் காப்புரிமையற்ற படைப்புகள் பலவற்றின் படங்களைக் கட்டுப்பாடின்றித் தருகின்றன. மற்ற இடங்களின் படங்களை ஆசிரியர்கள் படிக்கும் பிரதியில் சேர்ப்பது வேறு, ஆய்வேட்டை நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைப்பது வேறு. பின்னதற்கு அனுமதிக் கடிதம் தேவைப்படலாம், வர வாரக்கணக்கில் ஆகும். அதை ஜனவரியிலேயே கேளுங்கள். வராத படங்களுக்கு, இணையப் பிரதியில் படத்தை நீக்கி விளக்கக் குறிப்பை மட்டும் விட்டுவைக்கலாமா என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.