மிளகாய்ச் செடியின் கொழுந்தில் அசுவினி மொய்க்கிறது. மருந்தடிக்காமல் எப்படி ஒழிப்பது?

முதலில் கொழுந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய பச்சை அல்லது கருப்புப் பூச்சிகள் நரம்போரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். கூடவே வெள்ளைத் தோல்கள் உதிர்ந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம், அசுவினிதான்.

பெண் அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும். அக்குட்டிகள் பத்து நாளுக்குள் தாயாகிவிடும். அதனால் ஒருமுறை தெளித்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள்.

தண்டைக் கையால் தாங்கிக்கொண்டு, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது. பாதித் தொல்லை இதிலேயே தீரும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி திரவச் சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். பூச்சியின் உடலில் பட்டால்தான் சோப்பு வேலை செய்யும். சோப்பைக் கூட்டினால் இலை கருகும்; முதலில் ஓர் இலையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

செடியில் எறும்பு ஏறுகிறதா? அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் விரட்டும். எறும்பைத் தடுக்காமல் அசுவினியோடு மட்டும் மல்லுக்கட்டுவது வீண்வேலை.

முதலை போன்ற உடலும் ஆரஞ்சுப் புள்ளிகளுமாக ஒரு புழு தென்பட்டால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு; அசுவினிதான் அதன் சாப்பாடு. அது இருக்கும் செடியில் எதையும் தெளிக்க வேண்டாம். தழைச்சத்து உரத்தையும் கொஞ்சம் குறையுங்கள், சாறு மிகுந்த இளந்தளிர்தான் அசுவினிக்குப் பிடித்தமானது.