கப்பல் சென்னையில் ஒரே ஒரு நாள் நிற்கிறது. கடைசி நேரத்தில் எங்கே போகலாம்?

கேள்வி இது: சிங்கப்பூரிலிருந்து வரும் கப்பல் காலை 8 மணிக்குச் சென்னைத் துறைமுகத்தில் நிற்கும். மாலை ஐந்தரைக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும். கப்பல்காரர்களே நடத்தும் டூர் நிரம்பிவிட்டது. புறப்பட இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி. மகாபலிபுரம் போய்வரலாமா, இல்லை ஊருக்குள்ளேயே எதையாவது பார்க்கலாமா?

மகாபலிபுரம் போய்வரலாம்தான். நானும் ஒரு தடவை அப்படிப் போய்வந்தேன், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, பினாங்கில் இருக்கும் என் பெரியம்மா மகனும் அண்ணியும் இதே மாதிரி ஒரு கப்பலில் வந்தார்கள். நான் ராயபுரத்துக்காரன், துறைமுகச் சுவரைப் பார்த்தே வளர்ந்தவன். "எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன், நீங்க வாங்கண்ணே" என்று வாட்ஸ்அப்பில் பெரிதாகப் பேசிவிட்டேன். கப்பல் சரியாக எட்டு மணிக்கு வந்துவிட்டது. ஆனால் பாஸ்போர்ட் பார்த்து, முத்திரை குத்தி, துறைமுகத்துக்குள் ஓடும் பஸ்ஸில் ஏறி அவர்கள் கேட்டுக்கு வெளியே வந்தபோது பத்தேகால். அங்கிருந்து மகாபலிபுரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போய் இறங்கினால் உச்சி வெயில். ஐந்து ரதத்தைச் சுற்றி ஒதுங்க நிழல் கிடையாது. அர்ஜுனன் தபசுக்கு முன்னால் அண்ணி கொஞ்ச நேரம் நிற்க ஆசைப்பட்டார். அண்ணனோ ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டரைக்குக் கிளம்பிவிட்டோம். திருவான்மியூர் வரைக்கும் வண்டி ஓடியது. அதற்கப்புறம் ஊர்ந்தது. கடைசியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்து கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஐந்து மணிக்குள் ஏறியிருக்க வேண்டும், நாலு ஐம்பதுக்குத்தான் கேட்டைத் தொட்டோம். அண்ணி எனக்குக் கையசைக்கக்கூட இல்லை.

அதன் பிறகு இரண்டு தடவை கப்பல் விருந்தாளிகளை அழைத்துப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் ஒரே கணக்குதான். தூரத்து இடத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பிறகு நேரம் ஆக ஆகத் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டே வர வேண்டும். கடைசி இடம் துறைமுகச் சுவரை ஒட்டி இருந்துவிட்டால், நடுவில் ஊர்வலமே வந்தாலும் கப்பல் தப்பாது. மகாபலிபுரம் இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக்குகிறது, அவ்வளவுதான் அதன் மேல் எனக்குள்ள குறை. அங்கே ஒரு நாள் தங்குவதற்கென்றே இன்னொரு முறை வாருங்கள்.

இடங்களைச் சொல்வதற்கு முன்னால் விசா. நீங்கள் சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் என்றால், சில மணி நேரம் இறங்குவதற்கும் இந்திய விசா வேண்டும். இ-விசாவில் சென்னைத் துறைமுகம் வழியாக வரலாம். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் கவலை இல்லை. இரண்டும் இல்லையென்றால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள். கடைசி நேரத்தில் காரைக்கூடப் பிடித்துவிடலாம், விசாவைப் பிடிக்க முடியாது.

அடுத்தது, அன்றைக்கு என்ன கிழமை என்று நீங்கள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் எழும்பூர் அருங்காட்சியகம், ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இரண்டுக்கும் விடுமுறை. திங்கள் என்றால் மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏற முடியாது. செவ்வாய் என்றால் துறைமுகத்துக்கு எதிரே பாரிமுனையில் அந்தோணியார் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் அரண்மனைக்காரத் தெரு நகராது. (அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியக்காரர்கள் இருந்த தெரு, நம் நாக்கில் அரண்மனையாகிவிட்டது.) ஞாயிறு அமைந்தால் ரோடு காலியாக இருக்கும், ஆனால் பாரிமுனையில் முக்கால்வாசிக் கடை பூட்டிக் கிடக்கும். கிழமை எதுவானாலும் கோயில் நடையை மறக்கக் கூடாது. நண்பகல் வாக்கில் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நீங்கள் ஊருக்குள் இருக்கப்போகிற நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். அதனால் கோயில் என்றால் காலையிலேயே, இல்லாவிட்டால் இல்லை.

வண்டியை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் டிராவல்ஸில் எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று பேக்கேஜ் சொல்வார்கள், உங்களுக்கு அது தாராளம். அம்மாவின் முட்டியை நினைத்தால் இடத்துக்கு இடம் ஆட்டோ மாறுவது சரிப்படாது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது, எனக்குப் பிடித்த சவாரி, ஆனால் படிக்கட்டு அதிகம். துறைமுகத்துக்குள் வெளி வண்டி பாஸ் இல்லாமல் வர முடியாது, கேட்டும் ஒன்றல்ல. எந்த நம்பர் கேட்டில் உங்களை இறக்கிவிடுவார்கள் என்று முந்தின நாளே கப்பலில் கேட்டு டிரைவருக்குச் சொல்லிவிடுங்கள். கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் இந்திய ரூபாய் கையில் இருக்கட்டும்.

சரி, பத்து மணிக்கு வெளியே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராக மயிலாப்பூர். ஏழெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் காமராஜர் சாலை வழியாகவே போகச் சொல்லுங்கள். நேப்பியர் பாலம் தாண்டியதும் இடது பக்கம் மெரினா விரியும். இறங்க வேண்டாம், அந்த நேரத்து மணலில் கால் வைக்க முடியாது. காரிலிருந்தே பாருங்கள். இவ்வளவு அகலமான கரை முன்பு இங்கே கிடையாது. 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்டக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். முடிகிற தறுவாயில் 1881 புயல் அதைப் பெயர்த்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தேங்கியது. அப்படிச் சேர்ந்ததுதான் மெரினாவின் அகலம். அந்த மணல் வந்துசேராமல் சுவருக்கு வடக்கே எங்கள் ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்துப் போனது, இப்போது கருங்கல் கொட்டித் தடுத்துவைத்திருக்கிறார்கள். மெரினாவை யாராவது புகழும்போது எங்கள் ஊர்க்காரர்கள் லேசாக முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில். சம்பந்தர் பாடியபோது கடலோரத்தில் இருந்த கோயில், போர்த்துகீசியர் காலத்தில் அழிந்து, பிறகு உள்ளே தள்ளி இங்கே எழுந்தது. கிழக்குக் கோபுரம் 1906இல் கட்டியது, அதனால் 'பழைய கோயில்' என்று நினைத்து வருகிறவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள். ஏமாற வேண்டாம், இது பார்க்கும் கோயில் அல்ல, புழங்கும் கோயில். பிராகாரத்தில் காய்கறிப் பையோடு வந்து உட்கார்ந்திருக்கும் மாமிகளையும் புன்னை மரத்தடியையும் பார்த்தாலே போதும். அம்மா அங்கேயே ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டும், நீங்கள் மாட வீதியைச் சுற்றிவிட்டு வாருங்கள். பூ, கொலு பொம்மை, பித்தளை விளக்கு என்று கப்பலில் கொண்டுபோகத் தோதான சாமான் எல்லாம் அங்கே உண்டு. காளத்தி கடை ரோஸ்மில்க்கை விட்டுவிடாதீர்கள். மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருப்பதால் டிரைவர் கோபுரத்துக்கு எதிரே நிறுத்த மாட்டார், எங்கே ஏற்றிக்கொள்வார் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நடை சாத்துகிற நேரத்துக்கு அங்கேயே சாப்பாட்டை முடித்துவிட்டு எழும்பூர் வாருங்கள். வழியில் சாந்தோம் பேராலயம் பார்க்கலாம், அங்கே நடை சாத்தும் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால் நேரத்தை அருங்காட்சியகத்துக்கு மிச்சம் பிடிப்பேன். 1851இல் தொடங்கிய இடம், வளாகம் பெரியது. மொத்தமும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் கப்பல் போய்விடும். வெண்கலச் சிலைக்கூடம் ஒன்றே போதும். திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கேதான் இருக்கிறார், 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. ஒரு பக்க இடுப்பு ஆண், இன்னொரு பக்கம் பெண், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தேடினால் கிடைக்காது. திருவாலங்காட்டு நடராஜரும் அங்கே உண்டு. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு மயங்கி எழுதியது இவரைப் பற்றித்தான். வெயில் உச்சியில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் இப்படிக் கூரைக்கடியில் கழியட்டும். வெள்ளிக்கிழமை மாட்டினால் மயிலாப்பூரிலேயே நிதானமாக இருந்துவிட்டு வாருங்கள்.

இரண்டேமுக்கால் வாக்கில் கோட்டைக்கு வந்துவிடலாம். அதற்கப்புறம் எல்லாமே துறைமுகத்துக்குப் பக்கம்தான், மனசு லேசாகிவிடும். ஜார்ஜ் கோட்டை 1640இல் எழுந்தது. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் பை சோதனையும் அடையாள அட்டையும் கேட்பார்கள். 1680இல் திறந்த புனித மேரி தேவாலயம் சின்னதுதான், ஆனால் ராபர்ட் கிளைவின் கல்யாணம் 1753இல் அங்கே நடந்தது. அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று இங்கே ஏற்றிய மூவர்ணக் கொடி இருக்கிறது. படியேற முடியாது என்று அம்மா சொன்னால் தேவாலயத்தோடு திரும்பிவிடுங்கள், பெரிய நஷ்டம் இல்லை.

கப்பலில் வருகிறவர்களுக்கு இந்த வட்டாரத்தில் நான் விடாமல் காட்டுவது விளக்குகளை. சென்னையின் முதல் கலங்கரை விளக்கு 1796இல் இப்போதைய கோட்டை அருங்காட்சியகத்தின் மாடியில் எரிந்தது. 1844இல் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல்தூணுக்கு மாறியது. 1892இல் கட்டிய உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரம் ஊரிலேயே உயரமாக இருந்ததால் 1894இல் அதன் உச்சிக்கு ஏறியது. 1977இல்தான் மெரினாவுக்குப் போனது. துறைமுகம் கட்டுவதற்கு முன்பெல்லாம் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தூரத்தில் நங்கூரம் போடும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டி ஆட்களைக் கொண்டுவருவார்கள். நனையாமல் இறங்கியவர்கள் குறைவு. பாஸ்போர்ட் வரிசையில் நின்று சலித்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து குண்டு வீசியதைச் சொல்லும். துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே மூட்டை கட்டியது. இன்றைக்கும் சமர்த்தான ஆளை 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்தச் சொல் அன்றைக்கு இந்தக் கடலிலிருந்துதான் வந்து விழுந்தது. உங்கள் அம்மா கட்டாயம் யாரையாவது அப்படித் திட்டியிருப்பார்.

மூன்றேமுக்காலுக்குப் பர்மா பஜார். துறைமுகச் சாலையிலேயே வரிசையாக இருக்கும் கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக வந்தவை. அவர்களும் இதே துறைமுகத்தில்தான் கப்பலிலிருந்து இறங்கினார்கள். செல்போன் சாமான், சென்ட்டு எல்லாம் சிங்கப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல, வாங்கவும் வேண்டாம். அங்கே போவது அத்தோ சாப்பிட. தடித்த நூடுல்ஸோடு கோஸ், வெங்காயம், பொரித்த தட்டை, பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். நாலு மணிக்கு ஒன்றிரண்டு வண்டிகள்தான் வந்திருக்கும், கூட்டம் சாயங்காலம்தான்.

போன தடவை அத்தையை அழைத்துப்போனபோது அவர் ஒரு தட்டு முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். மணி நாலே கால். கேட் கண்ணுக்கெதிரே தெரிந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் கடைக்காரரிடம் முதலிலேயே மிளகாயைப் பாதியாகப் போடச் சொல்லுங்கள். இரவு முழுக்கக் கப்பல் ஆடும்.