சிறிய நன்னீர் மீன்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? இயற்கையில் அது எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறது?

எனக்கு அயிரைதான். மதுரைப் பக்கம் அயிரை என்றால் குழம்புதான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கோ, சோழவந்தான் பக்கத்து வாய்க்காலில் துண்டை விரித்து அதைப் பிடித்த நாட்கள்.

விரல் நீளம்தான் இருக்கும். மணல் நிற உடம்பு, பக்கவாட்டில் கரும்புள்ளிகள், வாயோரம் குட்டி மீசை. கையில் இறுக்கிப் பிடித்தால் சுருக்கென்று குத்தும். கண்ணுக்குக் கீழே ஒரு முள்ளை மடக்கி வைத்திருக்கிறது, பயந்தால் விரித்துவிடும். துண்டின் நூலில் அது மாட்டிக்கொண்டால் பொறுமையாகத்தான் விடுவிக்க வேண்டும்.

ஒருமுறை கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு விரற்கடை ஆற்றுமணல் போட்டு நாலைந்தை விட்டேன். தலையை நுழைத்து ஒரு நெளி நெளித்தன, அவ்வளவுதான், ஒன்றையும் காணோம். கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தால் மணலுக்கு மேலே கடுகு போல இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அப்புறம் ஒன்று விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. செவுளால் மட்டுமல்ல, குடலாலும் மூச்சுவிடும் மீன் இது. கோடையில் ஆறு சுருங்கிக் குட்டைகளாகத் தேங்கும்போதும் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

சுடுநீரிலும் இருந்திருக்கிறது! இதன் அறிவியல் பெயரில் வரும் 'தெர்மாலிஸ்', திருகோணமலை அருகே உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றைக் குறிக்கிறது. அங்கே கிடைத்த மீனை வைத்துத்தான் பிரான்சின் விலங்கியலாளர் வாலென்சியென் 1846-இல் இதை விவரித்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு, வாய்க்கால், வயல் என்று எங்கும் இருக்கும்.

ஆனால் மணல் இல்லாமல் இதற்கு வாழ்வில்லை. 'அயிர்' என்றாலே நுண்மணல்தான். ஒளிவதும் இரை தேடுவதும் அதில்தான். குழம்பு வைப்பதற்கு முன் உயிரோடு பாலில் விட்டு மணலைக் கக்க வைப்பார்கள், அந்த அளவுக்கு உள்ளேயும் மணல். ஆற்றில் தண்ணீர் வந்தால் அயிரை வந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணலை அள்ளிவிட்டுக் கட்டாந்தரையும் சேறுமாக விட்ட இடத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் இது எங்கே புதையும்? நான் சிறு வயதில் பிடித்த துறையில் இப்போது தண்ணீர் போகிறது, காலுக்கடியில் மணல் இல்லை, அயிரையும் இல்லை.

நேரில் பார்க்க ஆசையா? காலை வெயில் ஏறும் முன், கணுக்கால் அளவு தெளிந்த நீர் ஓடும் மணல் திட்டில் அசையாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் கால் பக்கத்து மணல் லேசாக அசையும்.