1840களின் அயர்லாந்தில் ஊருக்கு ஊர் ஒர்க்ஹவுஸ் (வழியற்ற ஏழைகளை உள்ளே தங்கவைத்துச் சோறு போடும் அரசு விடுதி) இருந்தும், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அத்தனை பேர் செத்தது எப்படி?

"இடம் போதவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான்.

1838ல் வந்த ஏழைகள் உதவிச் சட்டம் நாட்டை 130 யூனியன்களாக, அதாவது நிர்வாக வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒர்க்ஹவுஸ் வைத்தது. மொத்தம் சுமார் 1 லட்சம் பேருக்கு இடம். வெளியே நிற்பவருக்கு 1847 வரை இந்தச் சட்டத்தின்படி எதுவும் கிடையாது. குடும்பத்தோடு உள்ளே வரணும். செலவுக்கு அந்தந்த யூனியனிலேயே வசூலிக்கும் வரி. எங்கே கிழங்கு அழுகியதோ அங்கேதான் வரி கட்ட நாதியில்லை. மேற்குப் பக்கம் மாவும் பாலும் தந்த வியாபாரிக்கே பாக்கி.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்குள் உள்ள நிலத்துக்கு வரியை நிலச்சுவான்தாரே கட்டணும். சின்னக் குடியானவனைக் கிளப்பிவிட்டால் வரி மிச்சம். 1847ல் அதற்கு மேல் ஒரு விதி: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி இல்லை. நிலத்தை விட்டால் மறுபடி தலையெடுக்க வழியில்லை, விடாவிட்டால் பட்டினி.

உள்ளே போனவர்களும் ஏன் செத்தார்கள்? இந்த ஒர்க்ஹவுஸ்களின் கட்டடக் கலைஞர் வில்கின்சன் போட்ட வரைபடமே சிக்கனம்: சுவருக்குப் பூச்சு கிடையாது, சுண்ணாம்பு மட்டும், கட்டிலுக்குப் பதில் நீள மரமேடை, அதன்மேல் வைக்கோல் மெத்தை. வருபவரை முதலில் தனி வார்டில் நிறுத்தி, குளிக்க வைத்து, சொந்தத் துணியை வாங்கிக்கொண்டு சீருடை தரணும். ஆண், பெண், சிறுவர், சிறுமியர் தனித்தனி. 2 வயதுக்குள் இருந்தால்தான் குழந்தை தாயோடு. 1847ல் அலைமோதிய கூட்டத்தில் அந்த முதல் வார்டே நிரம்பி வழிந்தது. சீருடை தீர்ந்துபோனது. வந்த துணியோடு வந்த பேன் ஒரே மேடையில் எல்லோருக்கும் டைஃபஸ் என்ற கொள்ளைக் காய்ச்சலைப் பரப்பியது. பேன்தான் காரணம் என்று 1909 வரை யாருக்கும் தெரியாது. 1847 ஏப்ரலில் வாரத்துக்கு 2,500 பேருக்கு மேல் ஒர்க்ஹவுஸ்களுக்குள்ளேயே இறந்தார்கள்.

இங்கிலாந்தைத் திட்ட எழுதியது என்று கமெண்ட் போட வேண்டாம். நிர்வாகத்தில் வரி கட்டுவோர் தேர்ந்தெடுத்த உள்ளூர் ஆட்களும் இருந்தார்கள். சட்டம் போட்டது லண்டன். அதையும் மறைக்க முடியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும்: 1880களில் எடுத்த, குடிசையை இடித்து ஆட்களை வெளியேற்றும் போட்டோக்களை "1847 பஞ்சம்" என்று போடுவதை நிறுத்துங்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பத்திரிகைகளில் வந்த சித்திரங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் போடுங்கள்.