பென் டிரைவ் என்ன விலை?

கேள்வி: வெளிநாட்டு இ.டி.எம். (எலக்ட்ரானிக் நடன இசை) விழாக்களில் லட்சம் பேர் கூடுகிறார்கள். மேடையில் ஒரே ஒரு டிஜே, கையில் ஒரு பென் டிரைவ். பக்கவாத்தியச் செலவுகூட இல்லை. நடத்துகிறவர்களுக்குக் கொள்ளை லாபம்தானே? நண்பர்கள் சேர்ந்து இங்கே ஒன்று நடத்தலாம் என்றிருக்கிறோம்.
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பென் டிரைவ் மலிவுதான். அதைக் கொண்டுவருகிறவர்தான் மலிவில்லை. 2014-இல் கால்வின் ஹாரிஸ் என்ற டிஜேயின் ஓராண்டு வருமானம் 6.6 கோடி டாலர் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்குப் போட்டது. கூட்டம் சேர்க்கிற பெயர்கள் கொஞ்சம்தான்; எல்லா விழாக்காரர்களும் அவர்களையே துரத்தினால் சம்பளம் ஏலம் போகாமல் என்ன செய்யும்? டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். மேடை, விளக்கு, ஜெனரேட்டர், கழிப்பறை, காவல் எல்லாம் அதற்கு மேல். மிச்சம் பிடிப்பது பாரிலும் ஸ்பான்சரிடமும்தான். உங்கள் கணக்கில் இரண்டையும் காணோம்.

உங்களுக்கு முன்பே இந்த ஆசையில் இறங்கியவர் ராபர்ட் சில்லர்மேன். விவரமில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கச்சேரி நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, 2000-இல் கடனோடு சேர்த்து 440 கோடி டாலருக்கு விற்ற மனிதர். அதே வித்தையை நடன இசையிலும் காட்ட எஸ்.எஃப்.எக்ஸ். என்ற கம்பெனியைத் தொடங்கி, 2013 அக்டோபரில் பங்கு 13 டாலர் என்று விற்று 26 கோடி டாலர் திரட்டினார். விழா விழாவாக வாங்கிப் போட்டார். டிஜேக்களை வாங்க முடியுமா? அவர்கள் யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போனார்கள்.

அப்புறம் மழை. 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா அருகே அவருடைய கம்பெனி நடத்திய டுமாரோவேர்ல்டு விழாவில் மண்பாதை சேறாகி, பேருந்துகள் உள்ளே வர முடியவில்லை. காசு கொடுத்து வந்த கூட்டம் நள்ளிரவில் மைல் கணக்கில் நடந்தது. நடக்க முடியாதவர்கள் சாலையோரத்திலேயே படுத்தார்கள். கடைசி நாள், உள்ளே கூடாரம் போட்டிருந்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. 2016 பிப்ரவரியில் கம்பெனியே திவால் மனு போட்டது.

நடத்தித்தான் தீருவேன் என்றால் சரி. அட்வான்ஸ் கொடுக்கும் முன், மழை வந்து நிகழ்ச்சி நின்றால் அந்தப் பணம் திரும்பி வருமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். எந்த மாதம் என்று எழுதவில்லையே? ஐப்பசி என்றால் எனக்குப் பாஸ் அனுப்ப வேண்டாம்.