"ஏலுமா?" என்று கேட்காதீர்கள்

கேள்வி: டொக்டர், நாங்கள் நாலு நண்பர்கள். ஆவணியில் வரும் ட்ரையத்லன் போட்டிக்குப் பழகுகிறோம்: 1.5 கி.மீ. கடல் நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு மூன்றையும் சேர்த்துச் செய்து பார்த்தோம். எனக்குக் கால் நகம் கறுத்துப்போனது. சைக்கிளில் சுண்டுவிரல் விறைக்கிறது. கடல்தண்ணீர் நிறைய வயிற்றுக்குள் போகிறது. மணிக்கூடு இதயத்துடிப்பு 48 என்று காட்டுகிறது, அது ஆபத்து என்று இணையத்தில் வாசித்தேன். பெனியனில் வெள்ளையாக உப்புப் படிகிறது, உப்புக் குளிசை போடலாமா? எங்களில் ஒருவன் (வயது 39) அன்று காலையில் முழங்கால் நோவுக்கு டைக்லோபெனாக் போட்டுக்கொண்டு வந்தான். கடைசி மூன்று கிலோமீற்றரில் தள்ளாடினான், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் கதைத்தான். "விடாத மச்சான், இன்னும் கொஞ்சம்தான்" என்று இரண்டு பக்கமும் ஓடி முடிக்க வைத்தோம். முடித்ததும் சத்தி எடுத்தான். நிழலில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தோம். ஒரு மணித்தியாலத்தில் தெளிந்துவிட்டான். அந்தக் கடைசித் துண்டு அவனுக்கு ஞாபகமே இல்லையாம். இப்போது நல்லாக இருக்கிறான். இனி நாங்கள் எப்படித் தயாராக வேண்டும்?
– வாசகர், உப்புவெளி

பதில்: நகத்தைப் பிறகு பார்ப்போம் தம்பி. மூன்று கிலோமீற்றர் ஓடியது உங்கள் நண்பருக்கு ஞாபகம் இல்லை. அதைக் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களை எழுத வைத்ததே அதுதான். நாங்கள் உற்சாகப்படுத்தியே அவனைச் சாகக் கொடுத்திருப்போமா என்று நேரே கேட்க உங்களுக்கு மனம் வரவில்லை. நான் நேரே சொல்கிறேன்: கிட்டப் போயிருக்கிறீர்கள். அன்று யாரும் அவருடைய உடல் வெப்பநிலையை அளக்கவில்லை என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது ஹீட் ஸ்ட்ரோக்கின் கதை. உடம்பின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறினால் மூளை தடுமாறத் தொடங்கும். அந்த நிலையில் அவரை ஓட வைத்த ஒவ்வொரு நிமிடமும் வெப்பத்தை மேலே ஏற்றியது.

ஒரு மணித்தியாலத்தில் தெளிந்து, இத்தனை நாளும் வழக்கம்போல இருக்கிறார் என்றால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு இருக்கும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் "இப்போது நல்லாக இருக்கிறான்" என்று விட்டுவிடவும் முடியாது. இந்தக் கிழமையே அவரை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள். "வெயிலில் ஓடும்போது குழம்பினேன், ஞாபகம் தவறியது, அன்று டைக்லோபெனாக் போட்டிருந்தேன்" என்று இந்த மூன்றையும் அவர் சொல்ல வேண்டும். அவருக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகள்: இரத்தத்தில் சிறுநீரகத்துக்குக் கிறியற்றினின், சோடியம், பொற்றாசியம், ஈரல் நொதியங்கள், தசைச் சேதத்துக்கு சீபீகே, அதோடு ஒரு ஈசிஜி. ஓட்டம் முடிந்து நின்ற பிறகு தலைசுற்றி விழுவது பெரும்பாலும் இரத்தம் கால்களில் தேங்குவதால் வருவது. கிடத்திக் காலை உயர்த்தினால் சரி. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலைதடுமாறுவது வேறு. அதற்கு இதயத்தையும் பார்க்காமல் விட முடியாது. அந்த அறிக்கைகள் வரும்வரை அவர் பயிற்சியைத் தொடக்கூடாது.

இனி உங்கள் நாலு பேருக்கும். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய அறிகுறி ஒன்றுதான்: ஆளின் புத்தி மாறுவது. சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம், நேர்கோட்டில் ஓட முடியாமல் வீதியின் நடுவுக்கு இழுபடுவது, கண் எங்கேயோ நிலைத்து நிற்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் போட்டி அங்கேயே முடிந்தது. "தோல் காய்ந்து கொதித்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். வெயிலில் கிடந்த முதியவர்களுக்கு அப்படி இருக்கலாம். ஓடுபவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கும், தொட்டால் தோல் குளிரக்கூடச் செய்யும். நெற்றியில் கைவைத்துப் பார்த்தோ, கமக்கட்டில் தேர்மோமீற்றர் வைத்தோ முடிவெடுக்காதீர்கள். உள்வெப்பத்தைச் சரியாகக் காட்டுவது மலவாசலில் அளப்பது மட்டும்தான்.

உற்சாகப்படுத்துவதில்தான் பிழை நடக்கிறது. "ஏலுமா?" என்று கேட்டால் "ஏலும்" என்றுதான் பதில் வரும். கூட்டாளிகளுக்கு முன்னால் யார் ஏலாது என்று சொல்வார்? குழம்பிய மூளைக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இப்படி விழுகிறவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர். ஓர்மம் கூடியவர்கள், மற்றவர்களை ஏமாற்றக்கூடாது என்று நினைப்பவர்கள். ஆகவே பதில் தேவைப்படும் கேள்வி கேளுங்கள். "இப்ப எங்க நிக்கிறம்? அடுத்த சந்தி எது? உன்ர நம்பர் என்ன? கடைசியா எங்க தண்ணி குடிச்சனி?" உடனே சரியாகச் சொன்னால், கோபமாகச் சொன்னாலும் சரி, தாராளமாக "விடாத மச்சான்" என்று கத்துங்கள். பதில் இழுபட்டால், பிழைத்தால், கேள்வியையே விளங்காமல் பார்த்தால், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அவர் மறுப்பார், உங்களைத் தள்ளியும் விடலாம். அதனால் ஒப்பந்தத்தை முதல் நாளே செய்துகொள்ளுங்கள்: நாலு பேரில் ஒருவர் "நில்" என்றால் மற்றவர் நிற்க வேண்டும், அந்த இடத்தில் விவாதம் இல்லை. போட்டியில் இல்லாதவர் கூடவே ஓடி வேகம் கொடுப்பது ட்ரையத்லன் விதிப்படி கூடாது. ஆகவே உற்சாகப்படுத்த வரும் வீட்டாரை எல்லாம் முடிவுக்கோட்டில் குவிக்காமல், ஓட்டத்தின் 6ஆம், 8ஆம் கிலோமீற்றரில் இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள். ஆள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த இடங்களில். அவர்கள் கைதட்டுவதோடு முகத்தையும் காலடியையும் பார்க்கட்டும்.

நிறுத்திய பிறகு என்ன? முதலில் குளிராக்க வேண்டும், கொண்டுபோவது அதற்குப் பிறகு. ஓட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடும் அந்த அரைமணிதான் உயிரைத் தீர்மானிக்கும் அரைமணி. ஒருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும். மற்றவர்கள் உடுப்பைத் தளர்த்திச் சப்பாத்தைக் கழற்றி, ஒரு படங்கில் அவரைச் சாய்த்து இருத்துங்கள். படங்கின் நாலு மூலையையும் தூக்கிப் பிடித்து, ஐந்தாறு வாளித் தண்ணீரும் இரண்டு மீன்பெட்டி நிறைய உடைத்த ஐஸும் கொட்டி, தண்ணீர் உடம்பெல்லாம் அலைபடும்படி ஆட்டிக்கொண்டே இருங்கள். தலை வெளியே இருக்க ஒருவர் பிடித்திருக்க வேண்டும். திருகோணமலையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அதிகாலையில் மீன் ஏற்றுகிற இடத்தில் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் போட்டுவையுங்கள். மீன் வாடை அடித்தாலும் பரவாயில்லை. படங்கு இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் தோய்த்த துவாய்களால் தலை, கழுத்து, நெஞ்சு, தொடையெல்லாம் மூடி, சூடேறுமுன் ஓரிரு நிமிடத்துக்கொருதரம் மாற்றுங்கள், விசிறியபடியே இருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடுக்கம் பிடித்து, பேச்சுத் தெளிந்தால் வெளியே எடுக்கலாம். தெளிந்தாலும் அம்புலன்ஸில் ஏற்றத்தான் வேண்டும்.

பக்கத்தில் கடல் இருக்கிறதே என்று கடலுக்குள் இறக்காதீர்கள். எங்கள் கடல் அந்த நாட்களில் வெதுவெதுப்பானது, குழம்பிய ஆளை அலைக்குள் பிடித்து வைத்திருப்பது இன்னொரு ஆபத்து. பனடோல் கொடுக்காதீர்கள், அது காய்ச்சலுக்கான மருந்து, இந்தச் சூட்டை அது குறைக்காது, அடிபட்டிருக்கும் ஈரலுக்குச் சுமைதான். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீங்கள் அன்று ஊற்றியது நல்ல மனதோடுதான், ஆனால் புத்தி தெளியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகலாம். வழியெல்லாம் வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்து இரத்தத்தில் உப்பு (சோடியம்) இறங்கினவரும் இதே மாதிரித்தான் குழம்புவார், சத்தி எடுப்பார். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருக்கும். அவருக்கு இன்னும் தண்ணீர் கொடுப்பது நஞ்சு.

ஏன் நீச்சலிலோ சைக்கிளிலோ வராமல் ஓட்டத்தில் வந்தது? சைக்கிளில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த வேகமே காற்றாகி வியர்வையை உலர்த்துகிறது, உடம்பு ஆறுகிறது. இறங்கி 10 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று நின்றுபோகிறது. தசை உண்டாக்கும் சூடோ குறையவில்லை. அந்த நேரத்துக்கு வெயிலும் உச்சிக்கு ஏறியிருக்கும், கச்சான் காற்று வீசும் மாதம் என்றால் தெருவே அனல் கக்கும். கச்சானில் வியர்வை வந்தவுடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பதும் தெரியாது. எனவே சைக்கிளால் இறங்கி முதல் இரண்டு கிலோமீற்றரை, கால் எவ்வளவு இழுத்தாலும், நினைத்த வேகத்திலும் குறைத்து ஓடுங்கள். தண்ணீர் மேசைகளில் குடிப்பதோடு தலையிலும் கழுத்திலும் ஊற்றுங்கள்.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு வெயில் பழக்கம்தானே என்பீர்கள். பகல் முழுக்க ஏசி அறையில் இருந்துவிட்டு விடியற்காலையில் மட்டும் ஓடுகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. போட்டி நேரத்து வெயிலில், மெதுவாக, முதல் நாள் 20 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணித்தியாலம் வரை கூட்டிக்கொண்டு 10 முதல் 14 நாள் ஓட வேண்டும். அப்போதுதான் வியர்வை சீக்கிரமே சுரக்கவும் அதில் உப்புக் குறையவும் உடம்பு பழகும். போட்டிக்கு முன் ஒரு கிழமை விட்டுவிட்டால் பழகியது கழன்றுபோகத் தொடங்கும்.

தண்ணீர்க் கணக்கை இணையத்தில் தேடாதீர்கள், தராசில் பாருங்கள். ஒரு மணித்தியாலம் ஓடுமுன்னும் பின்னும் உடுப்பில்லாமல் நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆள் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறையாமல் பார்த்தால் போதும். நிறை கூடியிருந்தால் மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த பைக்கற் தூள்) கரைப்பதானால் பைக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரையுங்கள். "ஸ்ட்ரோங்காக இருக்கட்டும்" என்று அரைப் போத்தலில் கரைத்தால் வயிறு புரட்டும்.

குளிசை விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. டைக்லோபெனாக்கும் இபுபுரூபனும் பாமசியில் கேட்டால் கிடைக்கிறது என்பதற்காக மிட்டாய் ஆகிவிடாது. ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்தக் குளிசை அதை இன்னும் குறைக்கும், உடம்பில் தண்ணீரைத் தேக்கிச் சோடியத்தை இறக்கவும் உதவும். முழங்கால் நோவை மறைத்துக்கொண்டு 10 கி.மீ. ஓடினால் முழங்காலுக்கும் நல்லதில்லை. போட்டிக்கு முந்திய நாளும் அன்றைக்கும் வேண்டவே வேண்டாம். தடிமனுக்குப் போடும், தூக்கம் வரவைக்கும் குளிசைகளும் வியர்வையைக் குறைக்கும். காய்ச்சல், வயிற்றோட்டம் வந்து போன கிழமையில் ஓட்டமே வேண்டாம். எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இந்த நோக்குளிசைகளைக் கையால் தொடாதீர்கள், இரத்தக்கசிவைக் கூட்டும்.

மிச்சமெல்லாம் சின்ன விஷயம். கறுத்த நகம் சப்பாத்து நுனியில் இடித்ததால். அரை அளவு பெரிய சப்பாத்து, வெட்டிய நகம், அவ்வளவுதான், தானாக விழுந்து முளைக்கும். சுண்டுவிரல் விறைப்பது ஹாண்டிலில் உள்ளங்கை நரம்பு அழுந்துவதால். கையை அடிக்கடி மாற்றிப் பிடியுங்கள், ஹாண்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இறங்கிய பிறகும் நாள்கணக்கில் விறைத்தால், பிடி தளர்ந்தால் மட்டும் காட்டுங்கள். மாதக்கணக்கில் ஓடிப் பழகியவருக்கு ஓய்வில் 48 துடிப்பு நல்ல இதயத்தின் துடிப்பு. மயக்கமோ நெஞ்சுநோவோ இல்லாதவரை மணிக்கூட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெனியன் உப்பு வியர்வை காய்ந்த உப்பு. சோறு கறி சாப்பிடுகிறவருக்கு மூன்று மணித்தியாலப் போட்டிக்கு உப்புக் குளிசை தேவையில்லை. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் குடியுங்கள்; ஆனால் பிளேன்டீ நிறத்தில் போய்த் தொடை வீங்கி நொந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. கடல்தண்ணீர் வயிற்றுக்குள் போவது குமட்டும், அவ்வளவுதான். நீந்தும்போது மூச்சு முட்டி, இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தால் அதைத் தண்ணீர் குடித்ததாக எண்ணாதீர்கள். உடனே கையை உயர்த்திப் படகைக் கூப்பிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள்.

நண்பரின் அறிக்கைகள் சரியாக இருந்தாலும் ஒரு கிழமை முழு ஓய்வு, பிறகு விடியற்காலைக் குளிரில் மெதுவாகத் தொடங்கி, வெயிலுக்கு வருவதற்கு இன்னும் இரண்டு கிழமையாவது. ஆவணிப் போட்டியில் அவர் ஓட வேண்டாம் என்பது என் கருத்து. அன்றைய குழப்பம் எப்படித் தொடங்கியது என்று அவருக்குச் சொல்ல நீங்கள் மூன்று பேரும் இருக்கிறீர்கள். 8ஆம் கிலோமீற்றரில் ஐஸ் பெட்டியோடு அவரை நிறுத்துங்கள்.