அந்த மாத்திரைக்கு என்ன பெயர்?

கேள்வி: என் கணவருக்கு குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற வேலை. போன மாதம் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டார். அரை மணி நேரத்தில் உதடும் கண்ணும் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் சரியானது. இதே மாத்திரையை முன்பு எத்தனையோ தடவை போட்டிருக்கிறாரே, அப்போதெல்லாம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? இனி வலி வந்தால் எதைக் கொடுப்பது?

பதில்: 'இதே மாத்திரை' என்கிறீர்கள், பெயரை எழுதவில்லை. அட்டையிலிருந்து வெட்டி, பொட்டலம் கட்டித் தந்திருப்பார்கள், இல்லையா? எனக்கு எரிச்சல் அங்கேதான். முதல் வேலையாக அந்தக் கடைக்குப் போய், என்னென்ன கொடுத்தார்கள் என்று மருந்தின் பெயரையே எழுதி வாங்குங்கள்.

பலமுறை ஒத்துக்கொண்ட மருந்து ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும், அதில் அதிசயம் இல்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் என்ற வலி மாத்திரைகள் எல்லாம் உடம்பில் ஒரே நொதியைத்தான் தடுக்கின்றன. சிலருக்கு அந்தத் தடையாலேயே வீக்கமும் இளைப்பும் வரும் என்பதால், ஒன்று சேராவிட்டால் மற்றதும் சேராது. ஆஸ்துமாவோ மூக்கில் சதை வளர்ச்சியோ இருந்தால் இன்னும் கவனம். வேறு சிலருக்கு ஒரே ஒரு மருந்துதான் பகை. உங்கள் கணவர் எந்த வகை என்பதை மருத்துவமனையில், டாக்டர் கண்முன்னேதான் சோதிக்க வேண்டும், வீட்டில் பாதி மாத்திரை போட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். கடைச் சீட்டோடு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் காட்டுங்கள்.

அதுவரை? இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு சாதாரண அளவு பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும், ஆனாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமாலைச் சேர்த்த மாத்திரையும் கடையில் நிறைய ஓடுகிறது, ஆகவே அட்டையைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

மறுபடி மூச்சு முட்டினால் உடனே 108. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரட்டும், நடக்க மட்டும் விடாதீர்கள். உயிர் காக்கும் மருந்து, தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜிக்குக் கொடுக்கும் அவில் மருந்து அரிப்பைத்தான் அடக்கும். சரியான பிறகும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், அதனால் டாக்டர் 'இருங்கள்' என்றால் இருக்க வேண்டும்.

அப்புறம், வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவுவதில் எனக்கு வழக்கு இல்லை. வலிக்குப் பூசும் ஜெல்லிலும் ஸ்ப்ரேயிலும் பெரும்பாலும் அதே டைக்ளோஃபெனாக்தான் இருக்கிறது, அதையும் தொடாதீர்கள்.